பத்து மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆன்டெனாக்கள்: பல்லடம் நூற்பாலைப் பெட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பல்லடத்தை அடுத்த ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேம்கள் எனப்படும் நூற்பு இயந்திரங்களைக் கண்காணிக்கப் பொருத்தப்பட்ட பெட்டி ஒன்று, மேசை மீது வைத்தபோது ஒழுங்காக வேலை செய்து, இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் மாட்டியதும் தகவலைத் தவறவிடத் தொடங்கியது. பெட்டிக்குள் இரண்டு ரேடியோக்கள் இருந்தன. ஃபிரேமில் ஆங்காங்கே ஒட்டப்பட்ட சென்சார்களிலிருந்து ஸ்பிண்டில் வேகத்தையும் நூல் அறுப்பையும் ஒரு ஜிக்பீ ரேடியோ (குறைந்த ஆற்றலில் சென்சார்களோடு பேசும் வகை) வாங்க, வாங்கியதை ஒரு வைஃபை ரேடியோ அலுவலகத்திற்கு அனுப்பியது. இரண்டும் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரே அலைவரிசையில் இயங்குபவை. அதைச் சரிசெய்யும் வேலை கோவையில் உள்ள எங்கள் வடிவமைப்புக் கூடத்திற்கு வந்தது.

ஆலையில் முதலில் பழி விழுந்தது மோட்டார்களை ஓட்டும் இன்வெர்ட்டர்கள் மீது. கொங்கு நாட்டு ஆலைகளில் மின்னணுக் கருவி எது தடுமாறினாலும் முதல் சந்தேகம் அவற்றின் மீதுதான் போகும்; அதில் பல நேரம் நியாயமும் உண்டு. ஆனால் இன்வெர்ட்டரின் மின் இரைச்சல் பெரும்பாலும் சில பத்து மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவது, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோவைச் செவிடாக்கும் அளவுக்கு அது வருவது அரிது. உண்மையான துப்பைக் கொடுத்தவர் பராமரிப்புப் பிரிவின் ஃபிட்டர். "ஏனுங்க, ஆபீசு மேசையில இருந்தா ஒரு கொறையும் இல்லீங்க. ஃபிரேம்ல மாட்டுனாத்தான் வம்பு. அதும் வைஃபை லைட்டு மின்னற நேரம் பாத்துத்தான் சென்சார் கணக்கு விட்டுப் போகுதுங்க" என்றார். இரும்பின் அருகாமை ஒன்று, வைஃபை அனுப்பும் நேரம் மற்றொன்று: இந்த இரண்டும் தனித்தனிக் கோளாறுகள் என்பது பிறகு அளந்தபோது தெரிந்தது.

இரும்பின் கோளாறு எளியது. பழைய போர்டில் இருந்தவை அச்சிட்ட தலைகீழ்-எஃப் வகை ஆன்டெனாக்கள். பின்னால் உலோகம் வந்ததும் அவற்றின் ஒத்ததிர்வு இடம் பெயர்ந்துவிடும். முதுகில் முழுக் கிரவுண்டு (தாமிரத் தளம்) கொண்ட, தட்டையான தாமிரத் துண்டாலான பேட்ச் ஆன்டெனாவுக்கு இரும்புச் சட்டம் பகையல்ல. எனவே 3.2 மி.மீ. தடிமனுள்ள எஃப்.ஆர்.4 எனப்படும் சாதாரணக் கண்ணாடியிழைப் போர்டில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 37 மி.மீ. அகலமும் 29 மி.மீ. உயரமும் உள்ள இரண்டு பேட்ச்சுகள் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டன. பெட்டியின் அகலத்தை மாற்ற ஆலையும் பெட்டி செய்பவரும் இசையவில்லை. ஆகவே இரண்டு பேட்ச்சுகளின் விளிம்புகளுக்கு இடையே கிடைத்தது 10 மி.மீ. மட்டுமே. இந்த அதிர்வெண்ணில் அலைநீளம் 122 மி.மீ. என்பதால், அது அலைநீளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

மீதமிருந்தது இரண்டாவது கோளாறு. இந்த ஆய்வின் பொருளும் அதுவே. நெட்வொர்க் அனலைசர் என்னும் அளவுக் கருவியில் ஒரு பேட்ச்சிலிருந்து மற்றதற்குப் போகும் ஆற்றலை அளந்தால், அலைவரிசையின் மிக மோசமான இடத்தில் எஸ்21 மதிப்பு −13 டெசிபெல் காட்டியது. அதாவது வைஃபை அனுப்பும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு வெளியே போகாமல் பக்கத்து ரேடியோவின் வாய்க்குள் போகிறது. வைஃபை 18 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு) அனுப்பும்போது ஜிக்பீ ரேடியோவுக்கு வந்து சேர்வது 5 டிபிஎம்; அது கேட்கவேண்டிய சென்சாரின் ஒலியோ −70 டிபிஎம் அளவிலானது. இடையே 75 டெசிபெல், அதாவது மூன்று கோடி மடங்குக்கு மேல். வைஃபை 1-ஆம் சேனலிலும் ஜிக்பீ 2480 மெகாஹெர்ட்ஸில் உள்ள 26-ஆம் சேனலிலும் இருந்தபடியால் ரேடியோவின் உள் வடிகட்டல் ஓரளவு காப்பாற்றும். ஆனால் முன்வாசலிலேயே பெருக்கி நிறைந்துபோனால் உள்ளே எவ்வளவு நல்ல வடிகட்டி இருந்தும் பயனில்லை. ஆன்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் இடையே தனி வடிகட்டி வைக்கலாமே என்றால், ஒரே அலைவரிசைக்குள் இரு சேனல்களைப் பிரிக்கும் அளவுக்குக் கூர்மையானவை விலையில் பெட்டியையே விழுங்கிவிடும்.

இரண்டு பேட்ச்சுகளுக்கும் இடையே சிறு தாமிர வடிவங்களை நிறுத்தி ஆற்றலை மறிக்கும் மெட்டாமெட்டீரியல் வழிக்குப் போகுமுன் செய்து பார்க்கவேண்டிய மலிவான வேலை ஒன்று உண்டு: இரண்டில் ஒரு பேட்ச்சை 90 பாகை திருப்பி வைப்பது. மின்புலத்தின் திசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகிவிட்டால் பிணைப்பு, அதாவது ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் ஆற்றல், நன்றாகவே குறையும். இது போதுமானவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இங்கே அது ஒத்துவரவில்லை. ஆலையின் வைஃபை அணுகுமுனைகளில் இருந்தவை செங்குத்தான கம்பி ஆன்டெனாக்கள். பெட்டி அவற்றை நேராகப் பார்க்கும் இடத்தில் இருந்ததால், வைஃபை பேட்ச்சைத் திருப்பியதும் ஏற்கெனவே விளிம்பில் இருந்த இணைப்பு மேலும் தேய்ந்தது. சென்சார்களும் செங்குத்து முனைவாக்கத்திலேயே (மின்புலம் செங்குத்தாக இருக்கும்படி) ஒட்டப்பட்டிருந்ததால் மற்ற பேட்ச்சைத் திருப்புவதும் பயன்படவில்லை.

எந்த வழியாகப் பிணைகிறது

மெட்டாமெட்டீரியல் என்பது தாமிரக் கோடுகளாலான சிறு வடிவங்களை, அலைநீளத்தைவிட மிக நெருக்கமாக அடுக்கி, இயற்கைப் பொருளில் கிடைக்காத மின், காந்தப் பண்புகளை வரவழைப்பது. அதன் முன்னோடிகளில் ஒன்று கல்கத்தாவில் நடந்தது: முறுக்கிய சணல் கற்றைகளைக் கொண்டு நுண்ணலையின் முனைவாக்கத் தளத்தைச் சுழற்றிக் காட்டிய ஜகதீஷ் சந்திர போஸ் 1898-இல் அதை வெளியிட்டார். விடுதிறனும் (மின்புலத்துக்குப் பொருள் இசையும் அளவு) உட்புகுதிறனும் (காந்தப் புலத்துக்கு இசையும் அளவு) ஒருசேர எதிர்மறையானால் என்ன ஆகும் என்று ரஷ்யர் விக்டர் வெசெலாகோ 1967-இல் கணக்கிட்டார். உட்புகுதிறனை எதிர்மறையாக்கும் பிளவு வளையங்களை ஜான் பென்ட்ரியும் அவருடைய கூட்டாளிகளும் 1999-இல் முன்வைத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் டான் சீவன்பைப்பர் காளான் வடிவ உலோகப் பரப்பை அறிமுகப்படுத்தினார். ஆன்டெனாக்களைப் பிரிக்க இவற்றைப் பயன்படுத்துவது அதன் பிறகு பெருகிய துறை.

எங்கள் பகுதிப் பொறியியல் கல்லூரிகளின் புராஜெக்ட் புத்தகங்களில் இத்தகைய வடிவங்கள் நிறையவே வருகின்றன. கணினியில் −40, −50 டெசிபெல் கிடைத்த படங்களும் கூடவே வரும். பெரும்பாலும் அங்கே கேட்கப்படாத கேள்வி, பிணைப்பு எந்த வழியாக நடக்கிறது என்பது. வழிகள் மூன்று: போர்டின் அடிப்பொருளுக்குள் ஓடும் பரப்பலை, பொதுக் கிரவுண்டில் ஓடும் மின்னோட்டம், மேலே வெளியில் உள்ள அண்மைப் புலம். எந்த வழியில் ஆற்றல் போகிறதோ அந்த வழியில்தான் மறிக்கவேண்டும்.

காளான் பரப்பு பரப்பலையை மறிப்பதில் பெயர் பெற்றது. ஃபான் யாங், யாஹ்யா ரஹ்மத்-சாமி ஆகியோர் 2003-இல் அதைக் கொண்டு ஏறத்தாழ 8 டெசிபெல் குறைத்துக் காட்டியது பலரும் மேற்கோள் காட்டும் பணி. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது 5.8 கிகாஹெர்ட்ஸ், போர்டோ விடுதிறன் மிகுந்தது. அந்த நிலையில் பரப்பலை வலுவாக இருக்கும். விடுதிறன் 4.4 உள்ள எங்கள் போர்டு, 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மெலிந்ததே. பரப்பலையின் பங்கு இங்கே சிறியது. இடமும் இல்லை. காளானின் மின்தூண்டல், போர்டின் தடிமனைப் பொறுத்தது, 3.2 மி.மீ.க்கு அது 4 நானோஹென்றி. 2.45 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர ஏறத்தாழ 1.05 பிகோஃபேரட் மின்தேக்கம் தேவை. காளான்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர் சந்து விட்டாலும் ஒரு காளானின் அகலம் 16.5 மி.மீ. ஆகிவிடுகிறது. கையில் இருக்கும் 10 மி.மீ.யில் ஒரு வரிசைகூட நிற்காது.

அடுத்ததாகக் கிரவுண்டைக் கீறும் முறை. இரு பேட்ச்சுகளுக்கும் நடுவே கிரவுண்டுத் தாமிரத்தில் வளைய வடிவப் பள்ளங்களை வெட்டினால், அங்கே ஓடும் மின்னோட்டம் தடைப்படும். செலவே இல்லாத வழி. மேசை மீது அருமையாகவும் வேலை செய்தது. ஆனால் கிரவுண்டில் துளை போட்ட போர்டை இரும்புச் சட்டத்தில் மாட்டினால், பள்ளங்களுக்குப் பின்னால் சில மில்லிமீட்டரில் இரும்பு வந்து நிற்கும். பள்ளத்தின் ஒத்ததிர்வு அலைவரிசையை விட்டே வெளியேறும். பேட்ச்சைத் தேர்ந்ததே முதுகை மூடுவதற்காக. அந்த முதுகில் பள்ளம் வெட்டுவது கொடுத்ததைத் திருப்பி வாங்குவது போலாகும்.

நிற்கும் வளையங்கள்

எஞ்சியது பிளவு வளையம். அதை எப்படி நிறுத்துவது என்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருந்தது. பிளவு வளையம் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தாமிர வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு, வெட்டுகள் எதிரெதிர்ப் பக்கம். வளையத்தின் நடுவே காந்தப் புலம் ஊடுருவினால்தான் அதில் மின்னோட்டம் எழும். பேட்ச்சுகளோடு சேர்த்து ஒரே தளத்தில் அதைப் படுக்கவைத்து அச்சிடுவது எளிது. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கீழே முழுக் கிரவுண்டு இருக்கும்போது, உலோகத் தளத்துக்குச் செங்குத்தான காந்தப் புலம் அந்தத் தளத்தில் சுழியம், அதற்கு 3.2 மி.மீ. மேலே படுத்திருக்கும் வளையத்திற்குக் கிடைப்பதும் சொற்பமே. தளத்திற்கு இணையான காந்தப் புலமோ அங்கே வலுவாக இருக்கிறது, ஏனெனில் கிரவுண்டு மின்னோட்டத்தோடு பிணைந்தது அதுதான். ஆகவே வளையம் நிமிர்ந்து நிற்கவேண்டும். அதன் அச்சு ஒரு பேட்ச்சிலிருந்து மற்றதை நோக்கி இருக்கவேண்டும். அப்படி நிற்கும் வளையம் அண்மைப் புலத்தையும் கிரவுண்டு மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் தொடுகிறது.

பேட்ச் போர்டில் மெல்லிய பிளவு வெட்டி, 0.8 மி.மீ. தடிமனும் 12 மி.மீ. உயரமும் உள்ள சிறு போர்டு ஒன்று சுவர்போல் அதில் நிறுத்தப்பட்டு, இரண்டு காதுகளால் கிரவுண்டில் சால்டர் செய்யப்பட்டது. அதில் ஏறத்தாழ 10 மி.மீ. பக்கமுள்ள மூன்று வளையங்கள் வரிசையாக இருந்தன. மூன்றே வளையங்களை வைத்துக்கொண்டு இதன் உட்புகுதிறன் எதிர்மறை என்று பேசுவது சற்று மிகைதான். உட்புகுதிறன் என்பது பல அடுக்குகளின் சராசரிப் பண்பு. நடப்பதை நேராகச் சொன்னால், ஒத்ததிர்வுக்குச் சற்று மேலே வளையத்தில் எழும் மின்னோட்டம், வரும் புலத்திற்கு எதிர்க் கட்டத்தில் ஒரு புலத்தை உண்டாக்கி, பக்கத்துப் பேட்ச்சுக்குப் போவதை அங்கேயே கழித்துவிடுகிறது.

வளையங்களைச் சுவரின் ஒரே முகத்தில் இடுவதா, முன்னும் பின்னுமாக இடுவதா என்பது அடுத்த முடிவு. முன்பின்னாக இட்டால் போர்டே மின்தேக்கியாகி, வளையம் இன்னும் சிறிதாகும். ஏட்டளவில் அதுவே அழகானது. ஆனால் அப்போது அதிர்வெண் முழுக்க முழுக்கப் போர்டின் விடுதிறனைச் சார்ந்துவிடும். எஃப்.ஆர்.4 வாங்குகிறவர் எவருக்கும் தெரியும், விடுதிறன் லாட்டுக்கு லாட்டு மாறும் பொருள் அது. விடுதிறன் 5 சதவீதம் மாறினால் அதிர்வெண் 2.5 சதவீதம் நகரும், 2.45 கிகாஹெர்ட்ஸில் அது 60 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், மொத்த அலைவரிசையே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். முன்முகத்துக்கும் பின்முகத்துக்கும் அச்சு சற்று விலகினால் இன்னும் கொஞ்சம் போகும். ஒரே முகத்தில் இட்ட வளையத்தில் மின்புலத்தின் பெரும்பகுதி காற்றில் இருப்பதால் இந்த நகர்வு கணிசமாகக் குறைகிறது. வளையம் பெரிதானாலும் பரவாயில்லை என்று அதையே எடுத்துக்கொண்டோம்.

ஒரு சுவர் நிறுத்தியதும் எஸ்21 ஓரிடத்தில் −41 டெசிபெல் வரை இறங்கியது. படத்தில் போட அது நன்றாக இருக்கும். ஆனால் அலைவரிசையின் ஓரங்களில் −17 தான். ரேடியோவுக்குத் தேவை ஓர் அதிர்வெண்ணில் பாதாளம் அல்ல, எல்லாச் சேனலிலும் போதுமான பள்ளம். ஆகவே 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு சுவர்கள், ஒன்று 2.42, மற்றொன்று 2.47 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இசைக்கப்பட்டு நிறுத்தப்பட்டன. ஆழம் குறைந்தது, அகலம் வந்தது, மோசமான இடத்திலும் −24 டெசிபெல் கிடைத்தது.

குறைந்த ஆற்றல் எங்கே போனது

இந்த இடத்தில் பெரும்பாலான அறிக்கைகள் முடிந்துவிடும். ஆனால் எஸ்21 குறைந்தது என்பதற்கு இரண்டு பொருள் இருக்கலாம்: பக்கத்துப் பேட்ச்சுக்குப் போன ஆற்றல் இப்போது வெளியே கதிர்கிறது, அல்லது வளையத்திலேயே சூடாகித் தொலைகிறது. எஸ்21 என்ற ஒரே எண் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. எஃப்.ஆர்.4-இன் இழப்புக் காரணி (பொருள் ஆற்றலைச் சூடாக்கி வீணாக்கும் அளவு) 0.02 அளவிலானது, ஒத்ததிரும் வளையத்தில் புலம் செறிவதால் இழப்பும் அங்கேதான் செறியும்.

இதை அளக்க எதிரொலியற்ற அறை இல்லாதவர்களுக்கு ஹரால்டு வீலர் 1959-இல் சொன்ன மூடி முறை போதும். ஆன்டெனாவை உலோக மூடியால் மூடினால் கதிர்வீச்சு நின்றுவிடும். அப்போது உள்ளே போகும் ஆற்றல் அனைத்தும் இழப்பே. மூடியோடும் மூடி இல்லாமலும் எதிரொளிப்பை அளந்து ஒப்பிட்டால் கதிர்வீச்சுத் திறன் கிடைக்கும். மூடிக்குக் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் டின்னை வெட்டிக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றும். கூடாது: ஏறத்தாழ 23 செ.மீ. சதுரமுள்ள அந்த டின்னுக்குள் 2.45 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே பல ஒத்ததிர்வுகள் விழும். ஆன்டெனாவைவிட டின்தான் பேசும். உள்ளளவு 120க்கு 60 மி.மீ. உள்ள தாழ்வான பெட்டியின் முதல் ஒத்ததிர்வு 2.8 கிகாஹெர்ட்ஸ் அளவில் வரும். அது நமக்குத் தொந்தரவில்லை. கணபதியில் தகட்டு வேலை செய்யும் பட்டறையில் பித்தளைத் தகட்டை மடித்து அப்படி ஒன்று செய்து வாங்கினோம். அதன் விளிம்பு கிரவுண்டோடு சுற்றிலும் தொடவேண்டும். ஒரு மூலை தூக்கி நின்றாலும் அளவு மாறும் என்பதால், விளிம்பில் தாமிர நாடா ஒட்டி மேலே பாரம் வைத்து அளந்தோம்.

விடை கசப்பாகவே இருந்தது. சுவர் இல்லாதபோது பேட்ச்சின் திறன் ஏறத்தாழ 62 சதவீதம், எஃப்.ஆர்.4 சுவர்கள் நின்றபோது 47. பிணைப்பை −13-லிருந்து −24-க்குக் கொண்டுவந்ததால் மீளக்கூடிய ஆற்றல் அதிகபட்சம் 5 சதவீதத்துக்குள்தான். அதைக் காப்பாற்ற 15 சதவீதத்தை எரித்திருக்கிறோம். கிடைத்த தனிமைப்பாட்டில், அதாவது பிணைப்பு குறைந்ததில், ஒரு பகுதி வளையம் கழித்ததல்ல, வளையம் தின்றது. விளிம்பில் இருந்த வைஃபை இணைப்புக்கு இந்த இழப்பு கட்டுப்படியாகாது.

தீர்வு சுவரின் பொருளில் இருந்தது. பேட்ச் போர்டு முழுவதையும் உயர்ரகப் போர்டுக்கு மாற்றினால் பெட்டியின் விலை நிற்காது. ஆனால் இழப்பு செறிவது சுவரில், சுவரோ விரல் அளவுத் துண்டு. அந்தத் துண்டை மட்டும் ரோஜர்ஸ் நிறுவனத்தின் ஆர்.ஓ.4003சி பொருளில் செய்தோம். அதன் இழப்புக் காரணி 10 கிகாஹெர்ட்ஸிலேயே 0.0027, விடுதிறன் 3.38, ஏற்ற இறக்கம் 0.05 மட்டுமே. வளையங்களை விடுதிறனுக்கேற்பச் சற்றுப் பெரிதாக்கி, கோடுகளையும் கொஞ்சம் அகலப்படுத்தினோம். திறன் 60 சதவீதத்துக்குத் திரும்பியது; எஸ்21 மோசமான இடத்தில் −23 ஆனது. தனிமைப்பாட்டில் ஒரு டெசிபெல் விட்டுக்கொடுத்தது இந்த வேலையில் நான் மிகவும் மதிக்கும் மாற்றம். லாட்டுக்கு லாட்டு அதிர்வெண் நகரும் கவலையும் இதே மாற்றத்தில் பெரும்பாலும் தீர்ந்தது.

ஆலையில்

பத்து டெசிபெல் என்பது பத்து மடங்கு, அவ்வளவே. ஜிக்பீ ரேடியோவின் வாயில் 5 டிபிஎம் இருந்த இடத்தில் இப்போது −5 டிபிஎம். பெருக்கி நிறைந்துபோகும் நிலை நீங்கியது. ஆனாலும் வைஃபை உச்சத்தில் அனுப்பும்போது தொலைவிலுள்ள சென்சாரை அது கேட்டுவிடும் என்று உறுதி கொடுக்க முடியாது. எனவே இரு ரேடியோ சிப்புகளுக்கும் இடையே முறை வைக்கும் கம்பியிணைப்பும் சேர்க்கப்பட்டது: ஜிக்பீ ஏதேனும் வாங்கத் தொடங்கினால் வைஃபை ஒரு கணம் பொறுக்கும். அப்படியானால் அந்த இணைப்பே போதுமே, சுவர் எதற்கு என்று ஆலைத் தரப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஜிக்பீ தகவல் பொட்டலம் வருகிறது என்பதே, அதன் தொடக்கத்தில் வரும் 128 மைக்ரோ விநாடி முன்னொலியைக் கேட்டால்தான் ரேடியோவுக்குத் தெரியும். வைஃபை இரைச்சலில் அந்த முன்னொலியே காதில் விழாவிட்டால், பொறுக்கச் சொல்ல ஆளில்லை. சுவர் முன்னொலியைக் கேட்க வைக்கிறது. கம்பியிணைப்பு மீதிப் பொட்டலத்தைக் காக்கிறது. சுவர் இல்லாத பெட்டியில் இணைப்பை மட்டும் இயக்கிப் பார்த்தபோது தவறவிடுதல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்த பெட்டியில், வைஃபை விளக்கு மின்னும் நேரத்தில் கணக்கு விட்டுப்போவதை ஃபிட்டரும் பிறகு பார்க்கவில்லை.

நூற்பாலைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஈரப்பதம் வேண்டுமென்றே உயர்த்தி வைக்கப்பட்ட அறை. காற்றில் எந்நேரமும் பஞ்சு. வளையங்களின் 0.3 மி.மீ. சந்தில் ஈரமான பஞ்சு படிந்தால் மின்தேக்கம் கூடும், அதிர்வெண் இறங்கும். அதற்காகக் காப்புப் பூச்சு அடித்தால் பூச்சே அதிர்வெண்ணை இறக்கும். பூச்சைக் கடைசியில் நினைவு வந்தாற்போல் அடிக்காமல், பூச்சோடு சேர்த்தே வளையத்தின் அளவைக் கணக்கிட்டு வெட்டினோம். பெட்டியின் மூடி விளிம்பில் ரப்பர் வளையமும் போடப்பட்டது.

இப்போது ஒவ்வொரு பெட்டியும் வெளியே போகுமுன், பூச்சு காய்ந்த பிறகு, இரும்புத் தகட்டில் நான்கு போல்ட்டும் முடுக்கி, 2405, 2440, 2480 மெகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களில் எஸ்21 அளக்கப்படுகிறது. எந்த இடத்திலும் −20-க்கு மேல் ஏறினால் பெட்டி திரும்பிவிடும். சுவரை மாற்றிச் சால்டர் செய்த பெட்டிக்கு மட்டும் பித்தளை மூடியைக் கவிழ்த்துத் திறனும் ஒருமுறை பார்க்கப்படுகிறது. காதில் சால்டர் சரியாகப் பிடிக்காத சுவர் எஸ்21-இல் தேறிவிட்டாலும் அந்த அளவில் மாட்டிக்கொள்ளும்.